கையெழுத்துக்கு என்ன கட்டணம்?

புனேயில் வாழும் தமிழர்கள் கூடிய அரங்கில் ஒரு பட்டயக் கணக்காளர் ஆற்றிய உரை



கணக்கைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசப்போகிறான் என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று வருமான வரி நோட்டீஸை எடுத்து நீட்டும் எண்ணத்தில்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். பரவாயில்லை. அந்தச் சின்ன சந்தேகத்துக்குக் கட்டணம் கேட்கத் தெரியாத ஒரு தொழிலைப் பற்றித்தான் இன்று பேச்சு.

சதாசிவ் பேட், நாராயண் பேட், திலக் சாலை, கர்வே சாலை. இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கட்டடத்தின் மாடிப்படி ஏறினாலும் ஓர் ஆடிட்டர் பலகை தென்படும். உள்ளே இரண்டு அறை, நாலைந்து மேசை, டேலி கணக்கு மென்பொருள் ஓடும் கணினிகள், கல்லூரி முடித்த கையோடு வந்து ஆர்ட்டிகிள்ஷிப் என்ற தொழிற்பயிற்சி செய்யும் இரண்டு மூன்று பிள்ளைகள், சுவரோரம் சிவப்பு நாடா கட்டிய கோப்புகள். பி.ஜி. பாகவத், கீர்த்தனே அண்ட் பண்டிட் மாதிரி இந்த ஊரிலேயே பிறந்து பெரிதாகிப் பல தலைமுறை கண்ட நிறுவனங்களும் இங்கே உண்டு. ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒருவரின் பெயரில், அவருடைய உடல்நிலையை நம்பி நடப்பவை. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் இன்று 4 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். அவர்கள் நடத்தும் நிறுவனங்களிலும் தனி நபர் நிறுவனங்களே மிகுதி. பிரிட்டனில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருக்கும் கணக்காளர் அலுவலகமும் அமெரிக்கச் சிற்றூரில் இருக்கும் சி.பி.ஏ. அலுவலகமும் இதே குடும்பம்தான். பெரிய பன்னாட்டு வலைகள் எதிலும் சேராமல் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுபவர்கள். இவர்கள் இன்னும் இருபது ஆண்டு தாக்குப்பிடிப்பார்களா என்ற கேள்வி உலகம் முழுக்கக் கேட்கப்படுகிறது. நான் அதைப் புனேயில் நின்று கேட்கிறேன்.

ஆடிட்டரின் எதிரி யார் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள்: ஒன்று, நான்கு பெரிய பன்னாட்டுத் தணிக்கை நிறுவனங்கள், இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு. இரண்டையும் பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால், எங்களுக்குச் சோறு போட்டது யார் என்பதைப் பார்க்க வேண்டும். சட்டம்தான் போட்டது.

1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறை. கம்பெனி என்றால் தணிக்கை கட்டாயம் என்பது அதற்கும் முந்தைய ஏற்பாடு. ஆனால் தெருவுக்குத் தெரு ஆடிட்டர் அலுவலகம் முளைத்தது 1984க்குப் பிறகு. அந்த ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 44ஏபி என்ற பிரிவைச் சேர்த்தது. 40 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் உள்ள வியாபாரி, கம்பெனியாக இல்லாவிட்டாலும் தன் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும் என்றது. போசரியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், ரவிவார் பேட்டில் மொத்த வியாபாரம் செய்தவர் எல்லாரும் ஒரே நாளில் எங்கள் கட்சிக்காரர்கள் ஆனார்கள். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டாவது மழை. மாதாமாதம் ரிட்டர்ன், ஆண்டு முடிவில் தணிக்கைச் சான்று.

கொடுத்த கை இப்போது எடுத்துக்கொள்கிறது. 44ஏபியின் 40 லட்சம் முதலில் 60 லட்சமாயிற்று, 2012இல் 1 கோடி, 2020இல் ரொக்கப் பரிமாற்றம் 5 சதவிகிதத்துக்குள் இருப்பவர்களுக்கு 5 கோடி, மறு ஆண்டே 10 கோடி. யு.பி.ஐ. வந்த பிறகு ரொக்கம் 5 சதவிகிதத்துக்கு மேல் போகிற சின்ன உற்பத்தியாளர் யார்? அவ்வளவு பேரும் தணிக்கை வளையத்திலிருந்து வெளியே போனார்கள். ஜி.எஸ்.டி. தணிக்கையில் நடந்தது இன்னும் வேகம். 2021 ஆகஸ்ட் முதல் வியாபாரி தானே சான்றளித்தால் போதும் என்றாகிவிட்டது. அதற்காகவே ஆள் எடுத்து, கணினி வாங்கி, பயிற்சி கொடுத்த அலுவலகங்கள் நாலே ஆண்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பிரிட்டனில் சிறு கம்பெனிகளுக்கான தணிக்கை விலக்கு வரம்பை உயர்த்திக்கொண்டே வந்து, 2025 ஏப்ரலில் விற்றுமுதல் 1.5 கோடி பவுண்டு வரை கொண்டு போய்விட்டார்கள். நம்மிடம் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2021இலேயே சிறு கம்பெனிகளுக்குத் தணிக்கை அவசியமா என்று கேட்டு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. எங்கள் கழகம் எதிர்த்தது. எதிர்த்த காரணங்களில் சில நியாயமானவை; சில, வேலை போய்விடும் என்ற பயத்துக்குச் சட்டை போட்டுவிட்டவை. உள்ளே இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. முன்பெல்லாம் நோட்டீஸ் வந்தால் வருமான வரி அலுவலகத்துக்கு ஆடிட்டர் நேரில் போவார். அதிகாரிக்கு இவரைத் தெரியும், இவருக்கு அதிகாரியின் போக்கு தெரியும். "சாஹேப் பேசிப் பார்த்துக்கொள்வார்" என்ற நம்பிக்கையில்தான் பாதிக் கட்டணம் வந்தது. 2020 ஆகஸ்டில் முகமறியா மதிப்பீட்டு முறை முழுவீச்சில் வந்தது. புனேக்காரரின் கோப்பை எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்று இன்று யாருக்கும் தெரியாது. எழுதத் தெரிந்தவனுக்கு அது நல்லது. பழகத் தெரிந்தவனுக்குக் கஷ்டம். எங்களில் பழகத் தெரிந்தவர்களே அதிகம்.

அப்படியானால் இன்றைக்கு அந்த இரண்டு அறை அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது? உள்ளே வந்து பாருங்கள். பார்ட்னர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் டிஜிட்டல் கையொப்ப டாங்கிள்கள், ஒவ்வொன்றிலும் கட்சிக்காரர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். யாருடைய கையொப்பமோ அவர் கையில்தான் அது இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கட்சிக்காரர், "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று விட்டுவிட்டுப் போயிருப்பார். ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கெடுவான 20ஆம் தேதி நெருங்கினால் அலுவலகம் முழுக்க ஒரே குரல்: "சார், ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க." சிஞ்ச்வடில் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆறு எண்களைப் படிப்பார். அதற்குள் அந்த எண் காலாவதியாகியிருக்கும். மறுபடி அழைப்பு. கட்சிக்காரர் வாங்கிய சரக்குகளைக் காட்டும் ஜி.எஸ்.டி. 2பி பட்டியலில் ஒரு இன்வாய்ஸ் வரவில்லை என்றால், சரக்கு விற்றவரைப் பிடித்து ரிட்டர்ன் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அதுவும் எங்கள் வேலைதான். மாதத்துக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்டணம், அதுவும் தீபாவளிக்குத் தீபாவளி பாக்கி.

இந்த வேலையைத்தான் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பரில் வந்த பிறகு, உங்கள் வட்டி, பங்கு விற்பனை, ஈவுத்தொகை எல்லாம் உங்களுக்கு முன்பே அரசுக்குத் தெரியும். இன்வாய்ஸைப் படம் பிடித்தால் டேலியில் பதிவாகிவிடுகிறது. அந்த நான்கு பெரிய நிறுவனங்கள் இதில் கொட்டும் பணம் நமக்கு எண்ணிப் பார்க்க முடியாதது. 2023இல் கே.பி.எம்.ஜி. மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து 200 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது, இ.ஒய். 140 கோடி என்றது. இன்னொரு பக்கம் 2025 அக்டோபரில், ஆஸ்திரேலிய அரசுக்குச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதிக் கொடுத்த அறிக்கையில் எங்குமே இல்லாத ஆய்வுகளை மேற்கோள் காட்டியது வெளியே வந்து, டெலாய்ட் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேர்ந்தது. ஆகவே இயந்திரத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ஓ.டி.பி. கேட்கும் வேலை போவதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் எங்கள் வரவு முழுவதையும் அந்த வேலையின் மேல் எழுதி வைத்திருக்கிறோம், சிக்கல் அங்கே இருக்கிறது. கட்சிக்காரர் பணம் தருவது படிவம் போட்டதற்கு. கையெழுத்தை நாங்கள் கொசுறாகக் கொடுக்கிறோம்.

அந்தக் கொசுறுக்கு என்ன பொறுப்பு என்று பாருங்கள். மகனை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் அப்பா வருவார். விசாவுக்குச் சொத்து மதிப்புச் சான்றிதழ் வேண்டும். "ஒரு கையெழுத்துதானே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்பார். ஆடிட்டரே அல்லாதவர்கள் ஆடிட்டர் முத்திரை குத்திக் கொடுத்த சான்றுகள் நாடெங்கும் பெருகிப்போய்த்தான் 2019இல் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் கட்டாயமாயிற்று. இன்று நான் போடும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஓர் எண் பிறக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் எவரும் அதைத் தட்டி, இதை யார், எந்தத் தேதியில், எந்த எண்களை நம்பிக் கொடுத்தார் என்று பார்க்கலாம். வீட்டுப் பத்திரத்தைப் பார்க்காமல், நகையை மதிப்பிடாமல், வாய் வார்த்தையை நம்பி அந்தச் சான்றைக் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டுமானால் நேரம் ஆகும். நேரத்துக்குத்தான் கட்டணம். இதைச் சொன்னால் அந்த அப்பா பக்கத்து மாடிக்குப் போவார். அங்கே ஐந்நூறு ரூபாய்க்கு முடிந்துவிடும்.

இந்த ஊரில் கையெழுத்தின் விலை தெரிய வேண்டுமானால் கூட்டுறவு வங்கிகளைத்தான் பார்க்க வேண்டும். ரூபி வங்கி என்று நம்மவர்கள் சொல்லும் ரூபீ கோ-ஆபரேட்டிவ் வங்கி 1912இல் இங்கே தொடங்கியது. 2013இல் ரிசர்வ் வங்கி அதற்குக் கட்டுப்பாடு போட்டது. பணத்தை எடுக்க முடியாமல் ஒன்பது ஆண்டு மக்கள் நடந்தார்கள். 2022 செப்டம்பர் 22இல் உரிமம் போயே போய்விட்டது. காப்பீட்டு வரம்பு 5 லட்சமாக உயர்ந்திருந்ததால் 99 சதவிகிதத்துக்கு மேற்பட்டோருக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, அந்த மட்டும் நிம்மதி. சிவாஜிராவ் போஸ்லே வங்கியின் உரிமம் 2021 மே மாதம் ரத்தானது. அதன் கதையில் ஓர் இடம் எங்கள் தொழிலுக்குப் பாடம். தணிக்கைக்குப் போனவர்கள் ரொக்கத்தை எண்ணினார்கள். ஏட்டில் இருந்ததற்கும் பெட்டகத்தில் இருந்ததற்கும் 71.78 கோடி ரூபாய் வித்தியாசம் என்று போலீஸ் புகாரில் பதிவாயிற்று. நினைத்துப் பாருங்கள்: நுணுக்கமான கணக்கியல் விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, கட்டுகளை எண்ணும் நெஞ்சுரம் போதுமானதாக இருந்தது. அதற்கு முன் ஆண்டுகளில் கையெழுத்துப் போட்டவர்கள் எண்ணினார்களா என்ற கேள்வியை நான் உங்களிடமே விடுகிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் நடக்கும் வங்கிக் கிளைத் தணிக்கையை உங்களில் வங்கியில் இருந்தவர்கள் அறிவீர்கள். பெருநகரக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை அது. இந்தாபூர் பக்கம் ஒரு கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஸ்வார்கேட்டில் பஸ் ஏறி இரண்டு பயிற்சி மாணவர்களோடு போய் இறங்குகிறோம். கிளை மேலாளர் போஹா வாங்கி வைத்திருப்பார். கணினி கொடுக்கும் வாராக்கடன் பட்டியல் தேதியை மட்டும் பார்க்கும். ஆனால் கரும்புக் கடனில் தேதி மட்டும் போதாது. அட்சாலி கரும்பு என்றால் ஜூலை, ஆகஸ்டில் நட்டு ஒன்றரை ஆண்டு கழித்து வெட்டுவது. சுரூ என்றால் கோடையை ஒட்டி நட்டு ஓராண்டில் வெட்டுவது. கடன் எந்தப் பயிருக்கு என்பதைப் பொறுத்து அது வாராக்கடனா இல்லையா என்பதே மாறும். சரி, பயிர்க் கடனை விடுங்கள். ஒரு வியாபாரியின் கேஷ் கிரெடிட் கணக்கு. டிசம்பரிலிருந்து பைசா வரவில்லை. மார்ச் 30ஆம் தேதி திடீரென்று வட்டி முழுவதும் வரவாகி, கணக்கு சுத்தமாகிறது. ஏப்ரல் 2ஆம் தேதி அதே தொகை, கிட்டத்தட்ட அதே ரூபாய், வேறொரு பெயரில் புதுக் கடனாக வெளியே போகிறது. கணினிக்கு இவை இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள். ஏப்ரல் 2ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதுதான் ஆடிட்டர் வேலை. கண்டுபிடித்த பிறகு மேலாளர் தேநீர் வரவழைப்பார், வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரும், "அடுத்த வருஷமும் நீங்கதானே வரணும் சார்" என்ற வாசகம் வரும். அப்போதும் திருத்தக் குறிப்பு எழுதுகிற கை எந்தச் சின்ன அலுவலகத்துக்கு இருக்கிறதோ அது பிழைக்கும் என்று நான் நம்புகிறேன். அதற்கு அந்த அலுவலகம் அந்த ஒரு வங்கியின் கட்டணத்தை நம்பி இருக்கக் கூடாது.

சுதந்திரமான நிறுவனம் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். பெரிய பன்னாட்டு வலையில் இல்லை என்பதால் சுதந்திரமா? வரவில் பாதி ஒரே தொழிற்சாலைக் குடும்பத்திலிருந்து வருகிறது என்றால் அந்த முதலாளிக்கு இவர் 'இல்லை' என்று சொல்வாரா? கணக்காளர்களுக்கான பன்னாட்டு நெறிமுறை வாரியம் இதற்குக் கோடு போட்டிருக்கிறது. பொதுமக்கள் பணம் புழங்கும் நிறுவனங்களிடம் மொத்த வரவில் 15 சதவிகிதம், மற்றவர்களிடம் 30 சதவிகிதம். அதைத் தாண்டித் தொடர்ந்தால் வேறொருவரை வைத்து மறு ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. என் வட்டாரத்தில் 30 சதவிகிதச் சோதனையில் எத்தனை அலுவலகங்கள் தேறும் என்று கேட்டால் மேடை நாகரிகம் கருதி மௌனமாக இருப்பேன். இதில் பெரியவர்களும் யோக்கியர்கள் இல்லை. 2009 ஜனவரி 7இல் சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியபோது, கையெழுத்துப் போட்டிருந்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். ஜெர்மனியில் வயர்கார்டு கம்பெனி 2020இல் விழுந்தபோது, கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ எங்கும் இல்லை. ஆண்டாண்டாகத் தணிக்கை செய்தது இ.ஒய். பிரிட்டனில் விழுந்துபோன காரிலியன் கம்பெனியின் தணிக்கையில் தவறியதற்கு 2023இல் கே.பி.எம்.ஜி. 2.1 கோடி பவுண்டு அபராதம் கட்டியது. அவர்களால் கட்ட முடிந்தது. நம்மிடம் ஒரு சிறிய பட்டியலிடப்பட்ட கம்பெனியைத் தணிக்கை செய்யும் இரண்டு பார்ட்னர் அலுவலகமும் தேசிய நிதி அறிக்கை ஆணையத்தின் கீழ்தான் வருகிறது. தவறு நிரூபணமானால் அபராதத்தோடு ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை தொழில் செய்யத் தடை. வருடக் கட்டணம் ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு பத்து ஆண்டைப் பணயம் வைக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இனி நான்கு பெரியவர்கள். 1980களில் எட்டாக இருந்தவை. இரண்டு இணைப்பு 1989இல், இன்னொன்று 1998இல், பிறகு 2002இல் என்ரான் கம்பெனியின் மோசடியோடு ஆர்தர் ஆண்டர்சன் மறைவு, நான்காயின. 2013 கம்பெனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட கம்பெனிகளையும் பெரிய கம்பெனிகளையும் பத்து ஆண்டுக்கு மேல் ஒரே நிறுவனம் தணிக்கை செய்யக் கூடாது என்றது. நல்ல விதி. ஆனால் 2017இல் அந்தச் சுழற்சி வந்தபோது, தலைமுறைகளாகக் குடும்பக் கம்பெனிகளைப் பார்த்துவந்த உள்ளூர் நிறுவனங்கள் பல வெளியேற, அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் பெரியவர்களின் இந்திய உறுப்புகளே வந்து உட்கார்ந்தன. அதே 2017 ஜூலை 1இல் பிரதமர் எங்கள் கழக விழாவில், 2022க்குள் நான்கு இந்திய நிறுவனங்களும் சேர்ந்து பெரிய எட்டாக வேண்டும் என்றார். 2022 போய்விட்டது. 2025 செப்டம்பரில் கம்பெனி விவகார அமைச்சகம், கணக்காளர், வழக்கறிஞர், கம்பெனிச் செயலர் எல்லாரும் ஒரே கூட்டு நிறுவனமாக நடத்தலாமா என்று குறிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இதுவரை உண்மையில் உதவியாக இருந்தது ரிசர்வ் வங்கியின் 2021 ஏப்ரல் உத்தரவு: 15,000 கோடிக்கு மேல் சொத்துள்ள வங்கிகளுக்குக் குறைந்தது இரண்டு தணிக்கை நிறுவனங்கள், மூன்றே ஆண்டு, பிறகு ஆறு ஆண்டு ஓய்வு. நடுத்தர இந்திய நிறுவனங்களுக்கு அது கதவைத் திறந்தது.

அமெரிக்காவில் வேறு காற்று அடிக்கிறது. 2021இல் ஐஸ்னர்ஆம்பர் என்ற கணக்காளர் நிறுவனத்தில் டவர்புரூக் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டதிலிருந்து, 2024இல் கிராண்ட் தார்ன்டன், பேக்கர் டில்லி என்று வரிசை கட்டி வருகிறார்கள். தணிக்கையை மட்டும் கணக்காளர்கள் கையில் வைத்துவிட்டு, வரி, ஆலோசனை எல்லாவற்றையும் தனிக் கம்பெனியாக்கி விற்கிறார்கள். வயதான பார்ட்னர்களுக்குக் கைநிறையப் பணம்; இளையவர்களுக்கு ஐந்தாறு ஆண்டில் லாபம் காட்ட வேண்டிய முதலாளி. இங்கே எங்கள் சட்டம் கட்டணத்தை வெளியாளோடு பங்கிட விடுவதில்லை. அந்தத் தடை எவ்வளவு காலம் நிற்கும் என்பது வேறு. நிற்கட்டும் என்பது என் கட்சி.

பணத்தை விட ஆள்தான் பெரிய பஞ்சம். அமெரிக்காவில் 2019க்கும் 2021க்கும் இடையில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்காளர்களும் தணிக்கையாளர்களும் வேலையை விட்டுப் போனார்கள். சி.பி.ஏ. ஆவதற்கு 150 மணிநேரக் கல்லூரிப் படிப்பு என்ற விதியையே ஓஹையோ முதலாக மாநிலம் மாநிலமாகத் தளர்த்துகிறார்கள். அங்கே விழுந்த பள்ளத்தில் புனேயில் வேலை பிறந்திருக்கிறது. கராடியிலும் பாணேரிலும் ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை இரவு முழுக்க விளக்கு எரியும். அமெரிக்கர்களின் வரி ரிட்டர்னை நம் பிள்ளைகள் தயாரிக்கிறார்கள். வரி செலுத்துபவரின் சம்மதம் வாங்கித்தான் அந்த விவரம் கடல் தாண்டி வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். சம்பளம் நன்றாக இருக்கிறது. அந்தச் சம்பளத்தின் முன்னால் சதாசிவ் பேட் அலுவலகம் ஆர்ட்டிகிள் பிள்ளைக்குக் கொடுக்கும் உதவித்தொகை பேருந்துப் பாஸுக்கே காணாது. போதாததற்கு, புதிய பாடத்திட்டத்தில் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகிவிட்டது. வேலை புரிய ஆரம்பிக்கும்போது பிள்ளை கிளம்பிவிடுகிறது.

இந்த ஊரில் 2024 ஜூலையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய பன்னாட்டு வலையைச் சேர்ந்த அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதமே ஆன, 26 வயதுப் பெண் இறந்துபோனாள். வேலைச் சுமைதான் காரணம் என்று அவள் தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது, அந்த அலுவலகம் நாளுக்கு ஒன்பது மணிநேரம், வாரத்துக்கு 48 என்று வரையறுக்கும் மாநிலக் கடைகள் சட்டத்தின் கீழ்ப் பதிவே செய்யாமல் 2007 முதல் நடந்துவந்தது தெரிந்தது. பெரியவர்களைத் திட்ட இதை எடுக்கவில்லை. தணிக்கைக் கெடுவான செப்டம்பர் 30க்கு முந்திய வாரம் எங்கள் மாடிகளிலும் விளக்கு அணைவதில்லை. 'நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்ற எங்கள் தலைமுறையின் வசனம் பிள்ளைகளைத் தொழிலை விட்டே துரத்துகிறது.

எங்கள் தொழிலுக்கு ஆள் வந்த விதத்தையும் கொஞ்சம் நினைக்கலாம். சென்னையில் ஆர். சிவபோகம் என்றொரு பெண்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், கதர் உடுத்தியவர். 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் என்ற பெயர் பெற்றார். பெண்ணுக்கு இந்தத் தொழில் கதவே திறந்திராத காலம். 1950களில் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்கே தலைவரானார். அப்படி உள்ளே வர முட்டி மோதிய தொழிலிலிருந்து இன்று வெளியே போகக் கூட்டம்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முதல் வேலை விலையைப் பிரிப்பது. ரிட்டர்ன் போட ஒரு தொகை, சான்றுக்கும் தணிக்கைக்கும் வேறு தொகை என்று நியமனக் கடிதத்திலேயே தனித்தனியாக எழுத வேண்டும். ரிட்டர்ன் தொகை வருஷத்துக்கு வருஷம் இறங்கட்டும், இயந்திரம் அதை இறக்கியே தீரும். கையெழுத்தின் தொகை ஏற வேண்டும். இரண்டாண்டாக என் அலுவலகத்தில் இதைச் செய்கிறோம். சில கட்சிக்காரர்கள் போனார்கள். போனவர்களில் பலர் கையெழுத்தை மட்டும் கேட்டு வந்தவர்கள் என்பது கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது. டாங்கிள்களையும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். வாங்கிக்கொள்ளத்தான் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது சேர்வது. கிரெஸ்டன், நெக்ஸியா, பி.கே.எஃப். போன்ற பன்னாட்டுக் கூட்டமைப்புகள் சொந்தப் பெயரோடு இருக்கும் நிறுவனங்களை ஒரு குடையில் சேர்க்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனி சாகண் தொழிற்பேட்டைக்கு வரும்போது அந்தக் குடை உதவும். ஆனால் குடைக்குச் சந்தா உண்டு, தர ஆய்வு உண்டு. ஒற்றை ஆள் அலுவலகத்துக்கு அது எட்டாது. எட்டுகிற வழி, பக்கத்து மாடியோடு சேர்வது. ஒருவர் ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டில் கெட்டிக்காரர், இன்னொருவர் வங்கித் தணிக்கையில், மூன்றாமவர் கணினிப் பதிவுத் தடங்களைப் படிப்பதில். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அழியாமல் இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது அலுவலகத்தில் வேண்டும். மூவரும் சேர்ந்தால் ஒரே ஒரு முதலாளியை நம்பி மூன்று பேரும் இருக்க வேண்டியதில்லை. 30 சதவிகிதம் தானாக 10 ஆகிவிடும். கழகத்தின் விதியும் தாராளமாக இருக்கிறது. இணைந்து ஐந்து ஆண்டுக்குள் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பான்மைப் பார்ட்னர்களின் சம்மதத்தோடு பிரிந்து, பழைய பெயரையும் பழைய மூப்பையும் திரும்பப் பெறலாம்.

அப்படியும் சேர்க்கை அரிதாகவே நடக்கிறது. எங்கள் கட்டடத்திலேயே மூன்று அலுவலகங்கள் இணைவதாகப் பேசிவருகிறோம். கட்டணம், பங்கு விகிதம், பயிற்சி மாணவர்களுக்கு ஒரே அளவு உதவித்தொகை, செப்டம்பரில் இரவு எட்டுக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்பது வரை எல்லாம் எழுத்தில் முடிந்துவிட்டது. பலகையில் யார் பெயர் முதலில் என்பதில்தான் நிற்கிறது. மூத்தவர் அகர வரிசை என்கிறார். அகர வரிசையில் முதலில் வருவது அவர் பெயர். தணிக்கைக் கெடு முடிந்த பிறகு மறுபடி உட்காருவதாக இருக்கிறோம். இப்போது நோட்டீஸ் கொண்டுவந்திருப்பவர்கள் இடப்பக்கம் வரிசையில் வாருங்கள்.